தலைவர் இல்லாத ஊரில் குழாயில் தண்ணீர் வந்தது: அதனால் தேர்தல் வேண்டாமா?

சிவகங்கை மாவட்டம் புதுவயல் பக்கத்துத் தம்பி ஒருவர், இப்போது சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவருடைய ஊராட்சியில் 2025 ஜனவரியோடு தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. தலைவருக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அதற்குப் பிறகு ஆறு மாதம் குழாயில் தண்ணீர் முன்பைவிட ஒழுங்காக வந்ததாக அவர் அம்மா போனில் சொன்னாராம். சிங்கப்பூரிலோ 1959 முதல் ஒரே கட்சிதான் ஆள்கிறது, எல்லாம் சீராக நடக்கிறது. "அப்படியானால் நம்மைப் போன்ற நாடுகளுக்குத் தேர்தல் ஒரு வீண் செலவுதானே ஐயா? முதலில் வளர்ந்துவிட்டு அப்புறம் ஓட்டுப் போட்டால் என்ன?" என்கிறார். ஓட்டுக்குக் காசு கொடுப்பது பற்றியும், ஊருக்கு வரும்போது தான் என்ன செய்யலாம் என்றும் கூடவே கேட்டிருக்கிறார்.

தேர்தல் பற்றிய அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஜனநாயகம் இருந்தால் நாடு வேகமாக வளருமா என்பது ஒன்று. ஓட்டு வாங்கி வந்தவர், நியமனத்தில் வந்தவரைவிட நன்றாக வேலை செய்வாரா என்பது இரண்டாவது. என் அம்மா வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது என்பது மூன்றாவது. தம்பியின் மனதில் இருப்பது கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். ஆனால் முதல் இரண்டைத் தாண்டாமல் அதற்கு வர முடியாது. நான் காரைக்குடியில் பொருளாதாரம் படித்தவன். அப்புறம் 28 வருடம் உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கையில் இருந்து 2020இல் ஓய்வு பெற்றேன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியக் கணக்குகளோடு கிராம ஊராட்சிகளின் வவுச்சர் கட்டுகளையும் புரட்டியிருக்கிறேன். என் கண்ணில் பட்டது இந்த வட்டாரம்தான். உலகத்தைப் பற்றிச் சொல்வது படித்ததை வைத்து.

சிங்கப்பூரிலிருந்தே தொடங்கலாம். அங்கே தேர்தல் இல்லை என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். தேர்தல் ஒழுங்காக நடக்கிறது, ஓட்டுப் போடுவது கட்டாயமும்கூட. பத்திரிகைக்கும் எதிர்க்கட்சிக்கும் நெருக்கடி உண்டு என்பது உண்மை. ஆனால் 2011 தேர்தலில் ஆளுங்கட்சியின் ஓட்டு 60 சதவீதத்துக்கு இறங்கியபோது அரசு வீட்டு விலையிலும் வெளிநாட்டு ஆள் வரவிலும் கொள்கையை மாற்றியது, அமைச்சர்களின் சம்பளத்தைக் குறைத்தது. ஆட்சியை இழக்காமலே பயந்தார்கள். ஊழலை விசாரிக்கும் அமைப்பு அங்கே 1952இலேயே, வெள்ளைக்காரர் காலத்திலேயே, வந்துவிட்டது. ஒரே நகரம், பெரிய துறைமுகம், நல்ல சம்பளம் வாங்கும் அதிகாரிகள், கறாரான சட்டம் எல்லாம் அங்கே சேர்ந்து இருந்தன. இவற்றில் எதனால் வளர்ந்தது என்று கேட்டால் 'ஓட்டைக் கட்டுப்படுத்தியதால்' என்று ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க வழியில்லை.

இந்த இடத்தில் செட்டிநாட்டுக்காரன் ஒருவனுக்குத் தோன்ற வேண்டிய ஒப்பீடு வேறு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி (வட்டித் தொழில் நடத்தும் கூடம்) வைத்திருந்த அதே காலத்தில் ரங்கூன் மொகல் தெருவிலும் அவர்கள் கடைகள் இருந்தன. என் தாத்தா 14 வயதில் பர்மாவுக்குக் கடையின் கீழ்நிலை வேலையான பெட்டியடிப் பையனாகப் போய், ஏஜெண்டுக்கு அடுத்த பொறுப்பான அடுத்தாளாக உயர்ந்தவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பாதித் தூரம் நடந்தே ஊர் திரும்பினார். அவர் இருந்த காலத்தில் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. ரங்கூன், சிங்கப்பூருக்குச் சளைத்த ஊரில்லை. 1948இல் விடுதலை, அப்புறம் மூன்று பொதுத் தேர்தல்கள். 1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 'அரசியல்வாதிகள் நாட்டைக் கெடுத்துவிட்டார்கள், கொஞ்ச காலம் ராணுவம் ஒழுங்குபடுத்தட்டும்' என்றுதான் அன்றைக்குப் பலர் நினைத்தார்கள். வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். இன்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பலவற்றின் கதையில் அந்த வருடங்களுக்குப் பங்கு உண்டு. 1987இல் ஒரே நாளில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ளவும் வழி வைக்கவில்லை. அதே வருடம் ஐ.நா. சபை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது.

தேர்தலுக்கு அடங்காத ஆட்சி என்றால் சிங்கப்பூர் மட்டும் நினைவுக்கு வருவது, சீட்டு விழுந்தவனை மட்டும் பார்த்துவிட்டு எல்லாரையும் சீட்டுப் போடச் சொல்வது போல. காங்கோவை மொபுட்டு 1965 முதல் 1997 வரை தனியாக ஆண்டார். உகாண்டாவில் இடி அமீன் 1972இல் ஆசியர்களை விரட்டியடித்தார். ஹைட்டியில் துவாலியே குடும்பம் 29 வருடம் இருந்தது. யாரும் கேள்வி கேட்காத ஆட்சி வளர்ச்சியைத் தரும் என்றால் இந்த நாடுகள் எல்லாம் இன்று எங்கோ போயிருக்க வேண்டும்.

சரி, எண்களை வைத்துப் பார்த்தால்? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரிக்க வேண்டும். ஜனநாயகத்துக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள உறவு பற்றி அறிஞர்களிடம் ஒருமித்த முடிவு இல்லை. ராபர்ட் பாரோ என்ற பொருளியலாளர் 1990களில் பல நாட்டுக் கணக்குகளை வைத்துப் பார்த்து, பெரிய நன்மை தெரியவில்லை, ஒருவேளை லேசான பாதிப்புகூட இருக்கலாம் என்றார். 2019இல் டாரன் அசெமோக்ளு, ஜேம்ஸ் ராபின்சன் உள்ளிட்ட நால்வர், ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளில் 25 வருடத்தில் தனிநபர் உற்பத்தி சுமார் 20 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். பின்னது கவனமாகச் செய்த ஆய்வு என்பது என் கருத்து. ஆனாலும் நாடுகளை வைத்துச் சோதனைக்கூடத்தில் போல அளந்து பார்க்க முடியாது. இதில் யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒரு படி சந்தேகப்படுவேன். ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. தனி ஆட்சிகளில் மேடும் அதிகம், பள்ளமும் அதிகம். ஜனநாயகங்கள் அந்த அளவு உயரப் பறப்பதில்லை, அந்த அளவு விழுவதும் இல்லை. ஏழைக் குடும்பத்துக்கு எது ஆபத்து என்று யோசித்தால், விழாமல் இருப்பதன் மதிப்பு தெரியும்.

விழுவது என்று சொன்னேனே, அதன் மிகக் கொடிய வடிவம் பஞ்சம். பொருளியலாளர் அமர்த்தியா சென் பல காலமாகச் சொல்லி வருவது இது: ஓரளவு சுதந்திரமான பத்திரிகையும் ஒழுங்கான தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை. 1943 வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள். அன்று முடிவெடுத்தவர்கள் வங்காளத்து ஏழையிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர்கள் இல்லை. விடுதலைக்குப் பிறகு 1966-67இல் பீகாரிலும் 1972-73இல் மகாராஷ்டிராவிலும் கடும் வறட்சி வந்தது. வேலைத் திட்டம், தானிய வினியோகம் என்று அரசு ஓட வேண்டியிருந்தது. துன்பம் பெரிது, ஆனால் வங்காளம் போல ஆகவில்லை. சீனாவிலோ 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை கணக்குச் சொல்கிறார்கள். கீழே இருந்த அதிகாரிகள் பொய்யாக விளைச்சல் கணக்கு எழுதி மேலே அனுப்பினார்கள். மேலே இருந்தவர்கள் அதை நம்பித் தானியத்தைக் கொள்முதல் செய்தார்கள். கணக்குத் தணிக்கையில் இருந்தவன் என்பதால் இந்த இடம் என்னை எப்போதும் உலுக்கும். அந்தப் பொய்க் கணக்கை மறுத்துச் சொல்ல ஒரு பத்திரிகை இல்லை, ஒரு எதிர்க்கட்சி இல்லை.

ஆனால் இதே சென் இன்னொன்றும் சொன்னார். பஞ்சத்தைத் தடுத்த இந்தியா, தினசரி அரைவயிற்றுப் பட்டினியைத் தடுக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம். நூறு பேர் ஒரே வாரத்தில் செத்தால் செய்தி. ஆயிரம் குழந்தைகள் மெதுவாக வாடினால் செய்தி இல்லை. கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் தேர்தல் பதில் சொல்கிறது.

தமிழ்நாட்டில் சாப்பாடு கண்ணுக்குத் தெரிகிற விஷயம் ஆனது நம்முடைய அதிர்ஷ்டம். 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், பிறகு கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது, 2022இல் காலை உணவு வந்தது. ஒருவரை ஒருவர் கடுமையாக எதிர்த்தவர்கள். ஆனால் முந்தியவர் போட்ட அடுப்பை அடுத்தவர் அணைக்கவில்லை, இன்னொரு பாத்திரம் ஏற்றினார்கள். 1967க்குப் பிறகு இங்கே ஆட்சி மாறி மாறி வந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன். முழுக் காரணம் அதுதான் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே நடந்த சமூகப் போராட்டங்கள், ஊருக்கு ஊர் வந்த பள்ளிக்கூடம், சத்துணவு அமைப்பாளர் என்று ஒரு பெரிய கூட்டமே அந்த அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது.

தேர்தல் நடத்தியும் கெட்ட நாடு பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 1931இலேயே ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. இலவசக் கல்வியிலும் மருத்துவத்திலும் ஆசியாவுக்கே எடுத்துக்காட்டாக இருந்த நாடு. அதே நாட்டின் பாராளுமன்றம் விடுதலை கிடைத்த 1948ஆம் வருடமே குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பெரும்பான்மைக்கு ஓட்டு இருக்கிறது என்பதால் சிறுபான்மைக்கு நியாயம் கிடைத்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. பிறகு 2019இல் பெரிய வெற்றியோடு வந்த அரசு வரிகளை வெட்டியது, 2021 ஏப்ரலில் ரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்தது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அதுவும் மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசுதான். ஆனால் உரத் தடையை ஏழு மாதத்தில் திரும்பப் பெற வேண்டி வந்தது, அதிபர் 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடினார், 2024 செப்டம்பரில் மக்கள் முற்றிலும் புதிய ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பர்மாவில் நே வின் பதவியிலிருந்து இறங்க 26 வருடம் ஆயிற்று. இறங்கிய பிறகும் ராணுவம் இறங்கவில்லை. தேர்தல் தவறு செய்யாத ஆட்சியைத் தரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தவறை நிறுத்த ஒரு கதவைத் திறந்து வைக்கும். அதற்காகத்தான் அது வேண்டும் என்கிறேன்.

அந்தக் கதவு துருப்பிடிக்காமல் இருக்க என்ன வேண்டும் என்பதில் ஆய்வுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன: தகவல். டிம் பெஸ்லி, ராபின் பர்ஜஸ் இருவரும் இந்திய மாநிலங்களை ஒப்பிட்டு 2002இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். செய்தித்தாள் அதிகம் விற்கும் மாநிலங்களில், விளைச்சல் குறைந்தபோதும் வெள்ளம் வந்தபோதும் அரசு வேகமாக உதவி செய்திருக்கிறது. உகாண்டாவில் இன்னும் துலக்கமான உதாரணம் உண்டு. 1990களின் முதல் பாதியில் பள்ளிகளுக்கு என்று ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. மீதி வழியிலேயே கரைந்தது. அரசு செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் போகிறது என்று பத்திரிகையில் போட்டது, பள்ளி வாசலில் எழுதி ஒட்டச் சொன்னது. சில வருடங்களில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. விளம்பரம் மட்டுமே காரணமா, கூடவே வந்த மற்ற சீர்திருத்தங்களுக்கும் பங்கு உண்டா என்று பிறகு விவாதம் நடந்தது. பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாதவனால் எவ்வளவு குறைந்தது என்று கேட்க முடியாது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

நம் பக்கத்தில் இது புதிய பாடமும் இல்லை. செட்டியார் கடையின் முதலாளி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். பணம் பினாங்கிலோ மாந்தலேயிலோ புரளும். ஏஜெண்டை அனுப்பும்போது பெரும்பாலும் மூன்று வருடக் கெடு. கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். கெடு முடிந்ததும் அடுத்த ஏஜெண்டு போய், பேரேட்டைச் சரிபார்த்து, ஐந்தொகை (இருப்பு நிலைக் கணக்கு) போட்டு வாங்கிக்கொள்வார். நல்லவராகப் பார்த்து அனுப்பினார்கள், உண்மைதான். ஆனால் நல்லவர் என்று நம்பிக் கணக்குக் கேட்காமல் விட்டதில்லை. கெடுவும் கணக்கும் சேர்ந்துதான் அந்தத் தொழில் கடல் தாண்டி நின்றது. தாத்தா இதை வீட்டில் அடிக்கடி சொல்வார். நான் தணிக்கை வேலைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் ஊர்க் குழாய்க்கு வருகிறேன், தம்பி. தலைவர் இல்லாத ஊராட்சி நமக்குப் புதிதில்லை. 2016 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. அதே மாதம் பதவிக்காலங்கள் முடிந்தன. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. இடையில் மூன்று வருடத்துக்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். சிவகங்கை மாவட்டத்தில் 12 ஒன்றியங்கள், 445 ஊராட்சிகள். ஒரு அலுவலருக்குச் சராசரியாக 37 ஊராட்சி. ஒவ்வொன்றிலும் நாலைந்து குக்கிராமம், மேல்நிலைத் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, தெருவிளக்கு. எவ்வளவு நேர்மையான மனிதராக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒன்று என்று சுற்றினால்கூட ஒரு ஊருக்குத் திரும்பி வர ஒரு மாதம் தாண்டிவிடும். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்ற காரணத்தால் நிதிக் குழு மானியத்தையும் மத்திய அரசு நிறுத்தி வைத்திருந்தது.

அந்தக் காலத்துக் கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். வவுச்சர்கள் சுத்தமாக இருந்தன. தணிக்கைத் தடை, அதாவது கணக்கில் குறை காட்டும் குறிப்பு, எழுத வேண்டிய பத்திகள் குறைந்தன என்றே சொல்லலாம். ஆனால் தீர்மான நோட்டைப் புரட்டினால் மனது கனத்துப் போகும். முன்பெல்லாம் அதில் சண்டை இருக்கும். 'மூன்றாவது வார்டுக்கு ஏன் விளக்கு இல்லை', 'காலனிக்குப் போகும் குழாய் ஏன் கடைசியில் இருக்கிறது' என்று உறுப்பினர்கள் கேட்டது, எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்துப் போட மறுத்தது எல்லாம் பதிவாகியிருக்கும். தனி அலுவலர் காலத்து நோட்டில் ஒரே கையெழுத்து, ஒரே மாதிரி வாசகம். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் தெருவிளக்கு எரியாமல் நாலு மாதம் கிடந்ததை அங்கே போனபோதுதான் கேள்விப்பட்டேன். ஒன்றிய அலுவலகம் 14 கிலோமீட்டர். போய்ச் சொல்ல அரை நாள் கூலி போகும். தலைவர் இருந்த காலத்தில் பெண்கள் காலிக் குடத்தோடு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். நிற்பதற்கு ஒரு வாசல் இருந்தது.

அப்படியானால் உங்கள் அம்மா சொன்னது பொய்யா? இல்லை. அம்மா சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். காரணத்தைத்தான் விசாரிக்க வேண்டும். 2024 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட நன்றாகப் பெய்தது. ஊருணியும் கண்மாயும் நிறைந்தால் அடுத்த ஆறு மாதம் போர்வெல் தண்ணீர் மேலே நிற்கும், யார் பொறுப்பில் இருந்தாலும் மோட்டார் இழுக்கும். இரண்டாவது காரணம் சங்கடமானது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வசதியானவர்கள் தெருக்குழாய் லைனில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது நம் ஊர்களில் சாதாரணம். கடைக்கோடி வீட்டுக்குக் காற்றுதான் வரும். தலைவருக்கு அது தெரியும். ஆனால் உறிஞ்சுபவர் சொந்தக்காரராக இருப்பார், இல்லை இருபது ஓட்டுள்ள குடும்பமாக இருப்பார். தனி அலுவலர் ஆள் அனுப்பி மோட்டாரைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அடுத்த தேர்தல் இல்லை. ஓட்டை நம்பி இருப்பவர் கறாராக இருக்கத் தயங்குவார் என்பது தேர்தல் முறையின் உண்மையான பலவீனம். உங்கள் ஊரில் இந்த இரண்டில் எது நடந்தது என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. ஆறு மாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். தணிக்கையில் நாங்கள் எப்போதும் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுவோம்.

தலைவர் மேல் எல்லாப் பழியும் போடுவதும் சரியில்லை. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் அமலுக்கு வந்தபோது ஊராட்சிகளுக்குத் தரலாம் என்று 29 பொருள்களைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் அவற்றில் பெரும்பகுதி வேலையும் ஆளும் பணமும் இன்னும் துறைகளிடம்தான். குடிநீர் வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் விடும் தண்ணீர் குறைந்தாலும் திட்டு விழுவது தலைவருக்கு. பணம் எடுக்க அவர் ஒப்புதலோடு துணைத் தலைவர் ஒப்புதலும் வேண்டும், இருவருக்கும் ஆகவில்லை என்றால் டேங்க் ஆபரேட்டர் சம்பளம்கூட நிற்கும். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை 1994ஆம் வருடத்து ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் நீக்கவும் முடியும். யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று ஓட்டுப் போடுபவருக்கே தெரியாதபோது, ஓட்டு தவறான ஆளைத் தண்டிக்கும், தவறான ஆளுக்கு மாலை போடும். வளரும் நாடுகள் பலவற்றில் தேர்தல் நடந்தும் வேலை நடக்காததற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஓட்டு வேலை செய்த இடத்தையும் கண்ணால் பார்த்தேன். தேவகோட்டைப் பக்கம் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி ஒன்றில் முதல் வருடம் கையெழுத்து மட்டும் தலைவி போடுவார், பேச்சு முழுக்கக் கணவர். இரண்டாவது வருடத் தணிக்கைக்குப் போனபோது அந்த அம்மா எங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சார், ஒரே மோட்டாருக்கு வருசத்துல ஏழு தடவை காயில் கட்டுவாங்களா?" என்று கேட்டார். பில் புத்தகத்தை அவரே படித்திருந்தார். நாங்கள் தடை எழுதுவதற்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒரே ஊர் அனுபவம் இது. ஆனால் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் எஸ்தர் டஃப்லோ, ராகவேந்திர சட்டோபாத்யாய் இருவரும் செய்த ஆய்வு 2004இல் வந்தது. பெண் தலைவர் ஒதுக்கீடு குலுக்கல் போல முறை வைத்து வருவதால் அங்கே ஒப்பீடு நம்பகமானது. பெண் தலைவர் உள்ள இடங்களில் குடிநீர் போன்ற, பெண்கள் அதிகம் புகார் சொல்லும் காரியங்களுக்குப் பணம் கூடுதலாகப் போயிருந்தது. கிராம சபையைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. தென் மாநிலங்கள் நான்கில், கிராம சபை நடந்த ஊர்களில் நிலமில்லாதவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வறுமைக் கோட்டு அட்டை சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று 2005இல் கண்டார்கள். ஏற்கெனவே ஒழுங்கான ஊரில்தான் சபையும் ஒழுங்காக நடக்கும் என்ற சந்தேகம் இதில் மிச்சம் இருக்கிறது.

இந்தக் கதவுக்காக உயிரே கொடுத்தவர்கள் பக்கத்து மதுரை மாவட்டத்தில் உண்டு. மேலூர் பக்கத்து மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் நான்கிலும் பத்து வருடம் தேர்தலே நடத்த விடவில்லை, 2006இல்தான் நடந்தது. ஊராட்சித் தலைவர் பதவி ஒன்றுமில்லாதது என்றால் அதைத் தடுக்க ஏன் இவ்வளவு வெறி? தலைவர் பதவியைக் கோயிலுக்குப் பணம் என்று சொல்லி ஏலம் விடும் ஊர்களும் இருக்கின்றன. போட்டி இல்லாமல் ஒற்றுமையாக முடிந்தது என்பார்கள். ஏலத்தில் கை தூக்க முடியாதவரின் குரல் அந்த ஒற்றுமையில் எங்கே இருக்கிறது?

ஓட்டுக்குக் காசு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது நடக்கிறது, 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே அதற்காக ரத்து செய்தார்கள். வாங்கியவர் அவருக்கே போடுகிறாரா என்பது வேறு விஷயம். ரகசிய வாக்கில் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. ஆனால் காசு கொடுத்தவர் அதைத் திரும்ப எடுப்பதை வவுச்சரில் நான் பார்த்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் கடைசியாக, ஊருக்கு வரும்போது என்ன செய்யலாம் என்றீர்கள். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் இருந்தாலும் நடத்த வேண்டும். ஊரின் மக்கள்தொகை 500க்குள் என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர் வந்தால்தான் அது சபை. பெரும்பாலான ஊர்களில் அந்த எண்ணிக்கையைக் கையெழுத்து வாங்கி நிரப்புகிறார்கள். அம்மாவைப் பக்கத்து வீட்டு ஆட்களோடு போகச் சொல்லுங்கள். குடிநீர் மின்மோட்டார் பராமரிப்புச் செலவை 2023, 2024, 2025 மூன்று வருடத்துக்கும் ஜனவரி முதல் ஜூன் வரை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். வாசிக்கவில்லை என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். கூடவே தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வந்தது என்று அம்மா சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தால் அதையும் சேர்த்து இங்கே போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் என்ன நடந்திருக்கிறது என்று எழுதுகிறேன்.